பனியாற்றின் வரவு செலவு

பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு பனியாற்றைப் பற்றி என்ன பேச்சு என்பீர்கள். இந்த ஊர் குடிக்கும் காவிரி மழையில் பிறந்தது. ஆனாலும் இமயப் பனியாறுகளின் கணக்கைப் பார்ப்பவர்களில் சிலர் இங்கேதான், இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா காலநிலை மாற்ற மையத்தில் இருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

உச்சியில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்குகிறது. கீழே வெப்பம் கூடுதல், அங்கே உருகுகிறது. மேலே வரவு, கீழே செலவு. பனியாறு பின்வாங்குகிறது என்று செய்தி வந்தால், பனி திரும்பி மலையேறியதாக நினைத்துவிடக் கூடாது. அது எப்போதும் கீழே பார்த்துத்தான் வரும். வந்து சேர்வதைவிட உருகுவது அதிகமானால் நுனி மேலே தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சரி, நுனியை அளந்தால் போதுமா? போதாது. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும். மெல்லிய தூசிப் படலம் வெயிலை உறிஞ்சி உருக்கத்தைக் கூட்டும். கனத்த கற்குவியலோ சூட்டைத் தடுத்துவிடும். அதனால் நுனி அசையாமல் கிடக்க, அதற்கு மேலே உடம்பு இளைத்துக்கொண்டே போகலாம். கங்கோத்ரியின் நுனியான கோமுகத்தில் எத்தனை மீட்டர் குறைந்தது என்பதை மட்டும் வைத்து நடக்கும் சண்டைகள் எனக்கு வீணாகவே படுகின்றன.

இஸ்ரோவில் இருந்து, பிறகு திவேச்சா மையத்துக்கு வந்த அனில் குல்கர்னி 1992இலேயே வேறு வழி காட்டினார். கோடை முடியும்போது செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். சென்ற குளிர்காலப் பனி மேலே வெள்ளையாக மிஞ்சியிருக்கும். கீழே பழைய கட்டி மங்கலாகத் தெரியும். பனியாற்றின் பரப்பில் ஏறக்குறைய 44 சதவீதம் அந்த எல்லைக்கு மேலே இருந்தால் இமயத்தில் வரவும் செலவும் சமம். எல்லை அதற்கும் மேலே ஏறிவிட்டால் நட்டம். இத்தனைக்கும் யாரும் மலையேற வேண்டியதில்லை.

செலவு கூடினால்தான் என்றில்லை, வரவு குறைந்தாலும் நட்டம்தான். எரிமலைமேல் இருக்கும் பனியாறு என்றால் அடியில் இருக்கும் நெருப்புதான் உருக்குகிறது என்று பலரும் நினைப்பார்கள். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில் அப்படியில்லை. 1912இல் அங்கே இருந்த பனிப்பரப்பில் சுமார் 85 சதவீதம் 2007க்குள் போய்விட்டது. உச்சியில் காற்று பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். வெயில் பட்டுப் பனி நீராகாமலே ஆவியாவதும் அங்கே உண்டு. போதாததற்குப் பனிப்பொழிவும் குறைந்துபோனது. செலவு ஒருபுறம் இருக்க, வரவே வற்றிய கதை அது.

அந்தப் பனி போனாலும் அடிவாரத்து ஓடைகளுக்குப் பெரிய நட்டமில்லை. அவற்றுக்கு நீர் தருவது மலைக்காட்டு மழை. இமயத்தின் சட்லெஜ் ஆறு அப்படியல்ல. அதன் குறுக்கே உள்ள பக்ரா அணைக்கு வரும் நீரில் பனி உருகலுக்குப் பெரிய பங்கு உண்டு. உருகல் கூடும்போது முதலில் ஆற்றில் நீர் அதிகமாகும், பனி கரைந்தபின் குறையத் தொடங்கும். முதல் கட்டத்தில் அணை நிறைந்திருப்பதால் யாருக்கும் கவலை வராது.