கைநாட்டு செல்லும்போதே: வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக் குடும்பங்களுக்கு

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. அவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். தோட்டங்கள் கைமாறியபின் மற்ற பிள்ளைகள் கிள்ளான், ரவாங், ஷா ஆலாம் என்று வேலை தேடிப் போய்விடுகிறார்கள். பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ தங்கியவரிடம் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்கிறார்கள். அரசு உதவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பெற்றோர் தெளிவாகப் பேசி, கைநாட்டு வைக்கக்கூடிய நாள்களில் முடிக்காத வேலைகள் பக்கவாதமோ மறதி நோயோ வந்தபின் மலைபோல் நிற்கின்றன.

முதலில் அடையாள அட்டை. சமூகநல இலாகாவின் முதியோர் உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கே கிடைக்கும். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டதால் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள் தோட்டப்புறங்களில் உண்டு. அவர்களுக்கான குடியுரிமை விண்ணப்பத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் இப்போதே தொடங்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது முதியவரின் உரிமையையே தள்ளிப்போடுவதாகும். அடுத்தது ஊழியர் சேமநிதி. வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா, நியமித்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் தன் தாயை நியமித்துவிட்டு, தாய் இறந்த பிறகும் மாற்றாமல் விட்டிருந்தால், பணத்தைப் பெற மனைவி மக்கள் அலைய வேண்டியிருக்கும். முப்பது நாற்பது வருடம் பால் வெட்டியவரின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய், முகப்பிடத்துக் கருவி அதைப் படிக்க மறுப்பதுண்டு. ‘ரேகை பிடிக்கவில்லை’ என்று திரும்பி வந்துவிடக் கூடாது. அதிகாரியிடம் நிலைமையைச் சொல்லி மாற்று வழி கேட்க வேண்டும்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பலர் மறந்தே போகிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, சந்தா செலுத்திய தொழிலாளி ஓய்வு வயதை எட்டும் முன் இறந்து, சந்தாத் தகுதியும் நிறைவாகியிருந்தால், விதவை மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. கணவர் போய்ப் பல வருடமாகியும் விண்ணப்பிக்காத அம்மா வீட்டில் இருந்தால், பழைய சம்பளச் சீட்டு எதையாவது எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஆதரவற்ற, வருமானம் குறைந்த, 60 வயது நிரம்பிய முதியவருக்குச் சமூகநல இலாகா வழங்கும் மாத உதவி 2025 ஜனவரியில் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. படுத்த படுக்கையாக உள்ள நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ பராமரிக்கும் குடும்பத்துக்கென்று தனி உதவி இருக்கிறது. 2021இல் அது 350இலிருந்து 500 ரிங்கிட்டானது. இந்த இரண்டாவது உதவி பராமரிப்பவருக்கு உரியது என்பதே பலருக்குத் தெரியாது. பக்கவாதத்தால் கை கால் விளங்காமல் போனவர் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான பாரத்தை மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். அட்டை கிடைத்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், இலவசப் பரிசோதனையோடு மருத்துவக் கருவி வாங்க 20,000 ரிங்கிட் வரை உதவுகிறது. வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ சுங்கை பூலோவிலோ அப்பாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியர் சேவைக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்குமா? 2014 முதல் சுகாதாரக் கிளினிக்குகள் வழியாக நடக்கும் இந்தச் சேவையில் புண் கட்டுவது, குழாய் மாற்றுவது, குடும்பத்துக்குப் பராமரிப்பு கற்றுக்கொடுப்பது எல்லாம் அடங்கும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகுத்தண்டின் அடியிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். லயத்து வீடுகளில் குளியலறை பின்புறம் இருக்கும். படி இறங்கிப் போனால் பாசி பிடித்த சிமெண்டுத் தரை. முதியவர் விழுவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் விடியற்காலை இருட்டில். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, விடிவிளக்கு, வழுக்காத பாய் ஆகியவற்றுக்கு அதிகம் செலவாகாது. சர்க்கரை நோய் உள்ளவர் வெறுங்காலோடு வாசலில் இறங்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினால் அவருக்கே தெரியாது.

சொத்து விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றி எழுதிய பின் அந்தப் பிள்ளை கைவிட்டால், இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் போல அந்த மாற்றத்தை ரத்து செய்யும் வழி மலேசியாவில் இல்லை. பெற்றோருக்குச் செலவு கொடுக்கும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே அதற்கு இணையான தனிச் சட்டமும் கிடையாது. ஆகவே உயிரோடு இருக்கும்போது பெயர் மாற்றுவதைவிட உயில் எழுதுவதே முதியவருக்குப் பாதுகாப்பு. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. பெற்றோர் ஒருவருக்குக் கொடுக்கும் சாதாரண அதிகாரப் பத்திரம் அவர்களுக்குப் புத்தி தெளிவு இருக்கும்வரைதான் செல்லும். அதன் பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம்.

வங்கி அட்டையைப் பேரனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்துவைக்கும் பழக்கம் ஆபத்தானது. மோசடிக் கும்பல்கள் முதியவர்களின் கணக்கைத் தேடி வாங்குகின்றன. கணக்கை அவர்களிடம் ஒப்படைப்பதே இன்று குற்றம். பணம் ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

முதியவரை அடிப்பது, பட்டினி போடுவது, அறையில் பூட்டுவது எல்லாம் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். சமூகநல அதிகாரி ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க முடியும். தாலியான் காசே உதவி எண் 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அக்கம்பக்கத்தார்கூடப் புகார் கொடுக்கலாம். குடும்ப மானம் போகுமே என்று வாய் மூடியிருப்பதால் துன்பப்படுவது முதியவர்தான்.

பராமரிப்பவரும் தேய்கிறார். மற்ற பிள்ளைகள் மாதம் எவ்வளவு தருவார்கள், எந்த வாரயிறுதியில் வந்து மாற்றிவிடுவார்கள் என்பதைப் பேசி எழுதிவைப்பது நல்லது. மனச்சோர்வுக்குச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. வீட்டை நிர்வகிக்கும் 55 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டி, 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் உடல் முடங்கிப்போவதற்கும் அதில் பாதுகாப்பு உண்டு.