அரை மணி நேரச் சவாரியும் பயணம்தான்

பொழுது சாய்ந்ததும் எர்ணாகுளம் மரைன் டிரைவில் படகுக்கு ஆள் கூப்பிடும் குரல்கள் உயர்ந்துவிடும். சோட்டானிக்கரைக்கும் குருவாயூருக்கும் போய்த் திரும்பும் நம்மூர் வேன்கள் பல அங்கே ஒரு மணி நேரம் நிற்காமல் போவதில்லை. படகுகளில் சீரியல் விளக்குகள் மின்னும், மேல்தளத்தில் பாட்டு அதிரும். போல்காட்டித் தீவு, வல்லார்பாடம் சரக்கு முனையத்தின் ராட்சதக் கிரேன்கள், தண்ணீரில் நீளும் நகரத்து வெளிச்சம் என்று ஒரு சுற்று. தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, கைக்குழந்தைக்குக் காசு வேண்டாம் என்ற சலுகையும் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு ஏறிவிடுகிறோம்.

காசு வாங்காத அந்தக் குழந்தையும் படகில் ஓர் ஆள்தான். ஆனால் டிக்கெட் புத்தகத்தில் அது இல்லை. படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பிறகு யாராவது கேட்க நேர்ந்தால், பதில் சொல்ல ஆளிருக்காது.

அரை மணி நேரச் சவாரியை நாம் பொருட்காட்சி ராட்டினத்தைப் போல நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு இயந்திரப் படகில் ஆளை ஏற்றினால் அது பயணிகள் போக்குவரத்து. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், ஆற்றிலும் காயலிலும் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, தகுதி பெற்ற ஊழியர், காப்பீடு என்று நான்கையும் கேட்கிறது. சுற்றிக்காட்டிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் படகு என்பதால் இவற்றில் எதுவும் குறையாது.

இரவில் படகு கவிழ்வதற்கென்று தனியாக ஒரு காரணம் கிடையாது. பகலில் கவிழ்க்கும் அதே கூட்டம், அதே சாய்வு, அதே கவனக்குறைவுதான். மாறுவது இரண்டு. எதிரே வருவது தெரிவதில்லை. விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

புடாபெஸ்ட்டில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 2019 மே 29, இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின். டான்யூப் ஆற்றில் விளக்கொளியில் நகரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது 'ஹாப்லெயானி' என்ற 27 மீட்டர் நீளச் சிறு படகு. கொட்டும் மழை. ஆறு நிரம்பி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. படகில் தென்கொரியர்கள் 33 பேர், ஹங்கேரிய ஊழியர்கள் இருவர். மார்கரெட் பாலத்தருகே பின்னால் வந்த 135 மீட்டர் நீளச் சொகுசுக் கப்பல் 'வைக்கிங் சிகின்' அதை இடித்தது. படகு ஏழு வினாடிகளில் மூழ்கிவிட்டதாகப் போலீசார் சொன்னார்கள். 35 பேரில் பிழைத்தவர்கள் ஏழு பேர். பயணிகள் உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023-இல் புடாபெஸ்ட் நீதிமன்றம் ஐந்தரை ஆண்டு சிறை விதித்தது. மழையிலும் வெள்ளத்திலும் சிறு படகுகளை விட்டிருக்கலாமா என்ற கேள்வி மட்டும் நின்றது. காசு கட்டிவிட்டோமே என்று பயணியும், காசு வாங்கிவிட்டோமே என்று படகுக்காரரும் கிளம்பிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

லண்டன் தேம்ஸ் நதியில் 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்த 'மார்ஷியனெஸ்' உல்லாசப் படகை மணல் அள்ளும் கப்பல் ஒன்று இடித்ததில் 51 பேர் இறந்தார்கள். இரண்டு கலங்களிலுமே ஓட்டுபவர் இடத்திலிருந்து சுற்றும் முற்றும் சரியாகப் பார்க்க முடியாத அமைப்பு இருந்ததும், கண்காணிப்பு சரியில்லாததும் விசாரணையில் வெளிவந்தன. தேம்ஸில் நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்தது 2002-இல்தான். இறந்தவர்களின் குடும்பங்கள் அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

நமக்கு அருகில் நடந்தது தானூர் விபத்து. மலப்புறம் மாவட்டம், தூவல் தீரம், 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. அந்தி சாயும் நேரத்தில் கிளம்பிய இரண்டடுக்குப் படகு இருட்டும்போது கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள், பலர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக்கியிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். ஏறியவர்கள் எத்தனை பேர் என்று உறுதியாகத் தெரியாததால், இன்னும் யாராவது நீருக்குள் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. படகு உரிமையாளரோடு, அனுமதி விஷயத்தில் தொடர்புடைய அதிகாரிகள் இருவரும் கைதானார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது நல்லது. முதலில் பதிவு எண். கேரளத்தில் உள்நாட்டுப் படகுகளின் எண் 'கே.ஐ.வி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும்; படகின் உடம்பில் எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தாலோ, வெறும் பெயர்ப்பலகைதான் பளபளக்கிறது என்றாலோ அடுத்த படகைப் பாருங்கள். அடுத்தது எண்ணிக்கை. "சேட்டா, இதில் எத்தனை பேருக்கு அனுமதி? மேலே எத்தனை, கீழே எத்தனை?" இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஓர் எண் வர வேண்டும். "இன்னும் பத்துப் பேர் வந்ததும் எடுத்துடலாம்" என்பது பதில் ஆகாது. தகுதிச் சான்றைப் பல படகுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. படகோட்டியை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். அவருக்கு உரிமம் உண்டா, கூடவே உதவியாள் லாஸ்கர் இருக்கிறாரா என்பதும் பார்க்க வேண்டியது. ஓட்டுபவரே டிக்கெட்டும் கிழித்து, பாட்டையும் மாற்றிக்கொண்டிருந்தால் எதிரே பார்ப்பது யார்?

பகலுக்குக் கொடுத்த அனுமதி இரவுக்கும் செல்லும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலப்புழையின் படகு வீடுகளான கெட்டுவள்ளங்களை மாலை ஐந்தரை மணி வாக்கில் கரையில் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு காயல் மீனவர்களின் வலைகளுக்கானது. இருட்டில் ஓடும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு வேண்டும். எதிரே வருபவர் இவற்றை வைத்துத்தான் உங்கள் படகு எந்தத் திசையில் போகிறது என்று கண்டுகொள்கிறார். சுற்றிலும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அலங்கார விளக்கைத் தொங்கவிட்டால் அந்த அடையாளமே கலைந்துபோகும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஸ்ராங்கின் முகத்துக்கு நேரே ஒருவர் கைப்பேசி விளக்கை அடித்துச் செல்ஃபி எடுத்தால் பழகிய கண்ணும் போய்விடும். பாட்டுச் சத்தத்தில் எதிர்ப்படகின் ஹாரன் கேட்காது. இவ்வளவையும் நாமே சந்தோஷமாகக் கேட்டு வாங்குகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உயிர்காப்பு உடை விஷயத்தில் நம்மவர்களின் கூச்சம் விசித்திரமானது. வேட்டி கசங்கும், போட்டோவில் நன்றாக இராது, வியர்வை நாற்றம் என்று ஏதாவது சொல்லிக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். புடாபெஸ்ட்டின் ஏழு வினாடியை நினைத்தால், இருக்கைக்கு அடியில் கிடக்கும் உடை இல்லாத உடைதான். பக்கிள் எல்லாவற்றையும் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு. பெரியவர்களுக்கானதைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். குழந்தை அளவு இல்லை என்றால் அந்தச் சவாரி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்த ஏ.சி. அறைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், மிதக்கவைக்கும் உடையே உங்களை மேலே தள்ளி, கீழே இருக்கும் வாசலுக்குப் போகவிடாமல் தடுக்கும். எனவே திறந்த பகுதியில், வெளியேறும் வழிக்கு அருகில் உட்காருவது நல்லது.

மேல்தளத்தில்தான் காற்று வரும், காட்சியும் தெரியும். ஆனால் பாரம் உயரே போகப்போகப் படகின் நிலை தளரும். அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், சாய்ந்த படகு திரும்பி நிமிர்வது அதன் கையில் இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த படகும் இரண்டு தளம் கொண்டதே.

காசிக்குப் போகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு. தசாஸ்வமேத கட்டத்தில் மாலை ஆரத்தியைப் பார்க்கப் படகுகள் ஒன்றோடொன்று உரசி நெருக்கமாக நிற்கும். நல்ல இடம் பிடிக்க ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். வயதான பெற்றோருடன் போனால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கங்கையில் நீர்மட்டம் உயர்ந்தால் நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். "எங்க ஆளு, கூட்டிட்டுப் போறேன்" என்று அப்போது ரகசியமாகக் கூப்பிடுபவரிடம் போக வேண்டாம்.

கொச்சியில் நகரத்து இரவைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் வாட்டர் மெட்ரோ இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஓடும் மின்சாரப் படகுகள். வாசலிலேயே ஆளை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். மரைன் டிரைவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள உயர் நீதிமன்ற நிலையத்தில் ஏறி வைப்பின் போய்த் திரும்பலாம். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை. கட்டணமும் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான்.

ஏறிய பிறகு கூட்டம் நிரம்பி வழிகிறது என்று பட்டால் இறங்கிவிடலாம், காசைத் திருப்பிக் கேட்கலாம். இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறி ஏற்றிய, அல்லது பாதுகாப்பில்லாத படகில் கூலிக்கு ஆளேற்றி உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவின்படி குற்றம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கண்மூடித்தனமாகப் படகு ஓட்டுவது 282-ஆம் பிரிவில் வரும். அங்கேயே 112-ஐ அழைக்கலாம். கேரளத்தில் படகுகளின் பதிவை நடத்தும் கேரள மாரிடைம் போர்டுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் படகு எண்ணோடு எழுதலாம். எண் இல்லாத புகார் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறும் முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஜிபேயில் கொடுத்தால் நேரமும் பெயரும் தானாகவே பதிவாகிவிடும். கையில் கொடுத்தால் டிக்கெட் கேட்டு வாங்குங்கள், குழந்தைக்கும் சேர்த்து.

காயமோ அதைவிட மோசமானதோ நேர்ந்தால், பலரும் பயப்படுவது வழக்குக்காக வேறு மாநிலத்துக்கு அலைய வேண்டுமே என்றுதான். அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கொச்சிப் படகின் மீது கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். மாவட்ட ஆணையமா, அதற்கு மேலுள்ள ஆணையமா என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை அல்ல, கொடுத்த கட்டணம். சவாரிக்குச் சில நூறு ரூபாய்தான் கொடுத்தீர்கள் என்பதால், எத்தனை லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கட்டணத்துக்கு மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. டிக்கெட் எடுத்தது அப்பா ஒருவர் என்றாலும், அவர் சம்மதத்தோடு கூட ஏறிய மனைவியும் பிள்ளைகளும் நுகர்வோரே. இறந்துபோனவருக்காக வாரிசு மனுச் செய்யலாம். பேக்கேஜ் டூரில் போயிருந்தால் படகுக்காரரோடு டூர் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்க வேண்டாம்.

டிக்கெட்டின் பின்னால் 'பயணிகள் தங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரி படகுக்காரரின் அலட்சியத்தைக் கழுவிவிடாது. விபத்துக்குப் பின் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையும் வேறு, உரிமையாளரிடமிருந்து வர வேண்டிய இழப்பீடு வேறு. முன்னதை வாங்கினால் பின்னது போய்விடாது. ஆனால் மருத்துவமனை வாசலில் யாராவது வந்து ஒரு தொகையை நீட்டி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் அன்றைக்குப் போட வேண்டாம். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் படிக்கும்வரை அந்தத் தாள் காத்திருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் வேறு ஊரில் நடந்தது என்று சொல்லி அவர்கள் மறுக்க முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதற்கு வழி செய்திருக்கிறது. நுகர்வோர் மனுவுக்குச் சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.