மறைத்த உண்மையும் மறுக்கப்படும் ஈடும்



தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கப்பலேறும் துணிச் சிப்பங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனியார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. சரக்குக்கு உடையவர் கூறுவதை நம்பியே பொறுப்பேற்கின்றனர். ஆதலின், பொறுப்பேற்பதா, எவ்வளவு பிரீமியம் விதிப்பது என்ற முடிவைப் பாதிக்கக்கூடிய செய்தி எதனையும், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே தெரிவித்துவிட வேண்டுமென்று 1963-ஆம் ஆண்டின் இந்தியக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் விதிக்கிறது. மறைத்தால் கம்பெனியார் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம்.

ஆட்சியாளருக்கும் இவ்விதி பொருந்துமோ? இவ்வினா 1766-ஆம் ஆண்டிலேயே லண்டன் நீதிமன்றத்தில் எழுந்தது. சுமத்திரா தீவின் பெங்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்னும் கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், கோட்டை அயல்நாட்டுப் பகைவர் கைப்படுமாயின் தமக்கு ஈடு கிடைக்குமாறு இன்ஷூர் செய்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் வலிமைக் குறைவையும், பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்ற ஐயத்தையும் கவர்னர் மறைத்துவிட்டார் என்று கூறி, பொறுப்பேற்ற போஹம் என்பவர் பணம் தர மறுத்தார். நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு, வஞ்சக எண்ணமின்றி விடுபட்ட செய்தியாயினும், அது முக்கியமானதாயின் ஒப்பந்தம் செல்லாது என்ற விதியை வகுத்தார். எனினும், கம்பெனிதாரர் தாமே அறிந்திருக்க வேண்டியதை அறிவிக்கத் தேவையில்லை என்றும் கூறினார். கவர்னரே வென்றார்.

இதனால் நாம் பெறும் பாடம் இரண்டு. உண்மையைச் சொல்வது நம் கடமை. கேட்டறிவது கம்பெனியாரின் கடமை. பதவி யாரையும் இக்கடமையினின்று விடுவிப்பதில்லை.

நம் சங்கத்து நூல் கிடங்கில் கூரை ஒழுகினாலோ, மின்கம்பி பழுதுற்றிருந்தாலோ, நிர்வாகிகள் அதனை மனுவில் மறைக்கலாகாது. பிரீமியத்தில் சில ரூபாய் மிச்சமாகலாம். தீ விபத்து நேர்ந்தாலோ, அங்கத்தினர் அனைவரின் உழைப்பும் ஈடின்றிப் போகும். பஞ்சாயத்துக் கட்டடங்களுக்கும் இதுவே நியதி.

கரிசல் நில உழவர்க்கும் இது பொருந்தும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் மாநில அரசு நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டே பொதுவாக மகசூல் இழப்பு கணக்கிடப்படுகிறது. அடங்கலில் விதைத்த பயிரும் பரப்பும் பிழையாகப் பதிந்தால், பாதிக்கப்படுபவர் உழவரே. ஆகவே பதிவை நேரில் சரிபார்த்து, நகலைப் பெற்றுப் பாதுகாப்பீர்களாக.

கையொப்பமிடுமுன் மனுவை முழுவதும் படியுங்கள். அறிந்ததை எழுதுங்கள், ஐயமிருப்பின் அதனையும் எழுதுங்கள். உண்மை எழுதிய மனுவே ஆபத்துக் காலத்தில் நம்மைத் தாங்கும்.