வெடி வைத்தும் இடியாத ராணுவ கோபுரங்கள்: மண்ணைக் கொட்டி மூடி பூங்காவாக்கிய பெர்லின் மக்கள்!

பெர்லின்: ஜெர்மனி தலைநகர் பெர்லினில் உள்ளது ஹம்போல்ட்ஹைன் பூங்கா. ரோஜா தோட்டம், நீச்சல் குளம், நிழல் தரும் மரங்கள். நடுவே பச்சைப் பசேல் என்று ஒரு குன்று. உச்சிக்கு ஏறினால் ஊரே தெரியும். லீவு நாளில் குடும்பம் குடும்பமாக வந்து ஏறுகிறார்கள்.

ஆனால், அது நிஜக் குன்று இல்லை. அதன் வயிற்றுக்குள் பெரிய ராணுவ கோட்டையே புதைந்து கிடக்கிறது!

பூங்காவைப் பறித்த ராணுவம்

2-ம் உலகப்போர் நேரம். 1940-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்து விமானங்கள் பெர்லின் மீது குண்டு வீசின. "எங்க தலைநகரை ஒருத்தனும் நெருங்க முடியாது" என்கிற ரீதியில் பேசி வந்த நாஜி அரசுக்கு இது பெரிய அடி. விமான எதிர்ப்பு கோபுரங்களை உடனே கட்டும்படி ஹிட்லர் உத்தரவு போட்டார்.

இதற்காக தேர்வானவை 3 இடங்கள். உயிரியல் பூங்கா, பிரீட்ரிக்ஸ்ஹைன் பூங்கா, ஹம்போல்ட்ஹைன் பூங்கா. மூன்றுமே பொதுமக்கள் காற்று வாங்கப் போன இடங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் 2 கோபுரங்கள் எழும்பின. ஒன்றில் பீரங்கிகள். இன்னொன்றில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார் கருவிகள். பெரிய கோபுரத்தின் உயரம் சுமார் 40 மீட்டர். அதாவது 12 மாடி கட்டிட உயரம். காங்கிரீட் சுவரின் கனம் மட்டும் 2 மீட்டருக்கு மேல்.

குண்டு விழும்போது அக்கம்பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இதற்குள் ஓடி ஒளிந்தார்கள். விலை மதிப்பில்லாத ஓவியங்களும் பத்திரமாக இருக்கட்டும் என்று இங்கே கொண்டுவரப்பட்டன. ஆனால் 1945 மே மாதம் பிரீட்ரிக்ஸ்ஹைன் கோபுரத்தில் தீப்பிடித்து, ரூபன்ஸ், கரவாஜியோ போன்ற மேதைகள் வரைந்தவை உள்பட 400-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் நாசமாகிவிட்டன.

ஊகூம்... அசையலை!

1945-ல் போர் முடிந்தது. நகரை ரஷியா, அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய 4 நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. ராணுவ சின்னங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முடிவானது.

அங்கேதான் சிக்கல். உயிரியல் பூங்கா கோபுரத்தை 1947-ல் இங்கிலாந்து ராணுவம் வெடி வைத்து தகர்க்கப் பார்த்தது. புகை அடங்கியதும் பார்த்தால், கோபுரம் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடியும் ஏற்பாடு செய்து 1948-ல்தான் அதைச் சாய்க்க முடிந்தது.

ஹம்போல்ட்ஹைன் கோபுரம் பிரான்ஸ் வசம் இருந்தது. 1948-ல் வெடி வைத்ததில் ஒரு பக்கம் சரிந்தது. வடக்கு பக்கத்தை ஒட்டி ரெயில் பாதை ஓடுகிறது. பலமாக வெடித்தால் தண்டவாளமும் போய்விடும் என்பதால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

75 லட்சம் லோடு இடிபாடு

இன்னொரு தலைவலியும் இருந்தது. குண்டு வீச்சில் நொறுங்கிய வீடுகளின் செங்கல், காரை, காங்கிரீட் குப்பை. பெர்லினில் மட்டும் சுமார் 7½ கோடி கன மீட்டர் இடிபாடு குவிந்து கிடந்ததாக கணக்கு. ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தாலும் 75 லட்சம் லோடு! இதை எங்கே கொண்டுபோய் கொட்டுவது?

2 பிரச்சினைக்கும் ஒரே வழி கிடைத்தது. இடிக்க முடியாத கோபுரத்தின் மேல் இடிந்த வீடுகளைக் கொட்டு. மேலே மண்ணைப் பரப்பு. மரத்தை நடு!

இடிபாடுகளை அள்ளியவர்களில் ஏராளமானோர் பெண்கள். கணவன் போரில் செத்திருப்பார், இல்லாவிட்டால் கைதியாகி இருப்பார். வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும். வாளியில் அள்ளி கைக்கு கை மாற்றினார்கள். நல்ல செங்கலைச் சுத்தியலால் தட்டி, காரையை நீக்கி தனியாக அடுக்கினார்கள். கூலி மணிக்கு சுமார் 72 பெனிக். ஒரு மார்க்குக்கு 100 பெனிக் என்றால், முக்கால் மார்க் கூட தேறாது. அதைவிட முக்கியம், கடும் உழைப்பாளிக்கான ரேஷன் அட்டை கிடைத்தது. அதில் ரொட்டி கூடுதலாக வாங்கலாம்.

இப்படித்தான் பிரீட்ரிக்ஸ்ஹைனிலும் ஹம்போல்ட்ஹைனிலும் குன்றுகள் எழுந்தன. பிரீட்ரிக்ஸ்ஹைன் குன்றுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'மோன்ட் கிளாமோட்'. இடிபாட்டு மலை என்று அர்த்தம்.

நகரின் மேற்கே இருக்கும் டாய்பெல்ஸ்பெர்க் இதைவிட பெரிசு. நாஜிகள் கட்டி முடிக்காமல் விட்ட ராணுவ தொழில்நுட்ப கல்லூரி மீது 2 கோடியே 60 லட்சம் கன மீட்டர் இடிபாட்டைக் கொட்டி உருவாக்கிய மலை அது. பனிப்போர் காலத்தில் அதன் உச்சியிலும் ராணுவம் வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஒட்டுக்கேட்பு நிலையம் நடத்தின. அடியில் ராணுவம், உச்சியில் ராணுவம், நடுவில் ஜனங்களின் இடிந்த வீடுகள்! பனிப்போர் முடிந்ததும் நிலையம் மூடப்பட்டது. சுற்றியுள்ள சரிவுகள் இன்று பட்டம் விடும் இடம்.

மறைச்சா மறந்துடுமா?

மண்ணைப் போட்டு மூடினால் நடந்த கொடுமையும் மறைந்துபோகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஹம்போல்ட்ஹைனில் மிச்சமிருக்கும் கோபுரத்துக்குள் வழிகாட்டியோடு மக்களை அழைத்துப் போய், என்ன நடந்தது என்று விளக்குகிறார்கள். குளிர்காலத்தில் மட்டும் அனுமதி இல்லை. அப்போது உள்ளே வௌவால்கள் தூங்கும். வெளிச்சுவரில் இளைஞர்கள் கயிறு கட்டி மலையேற்றப் பயிற்சி செய்கிறார்கள்.

ஓட்டு போட்டு காப்பாற்றினர்

ராணுவம் விட்டுப் போன நிலம் யாருக்கு என்ற சண்டை இந்த நூற்றாண்டிலும் வந்தது. போர் விமானங்கள் தயாரான இடம், பிறகு அமெரிக்க விமானப்படை தளமாக இருந்த இடம் டெம்பிள்ஹோப் விமான நிலையம். 2008-ல் மூடப்பட்ட அது, 2010 மே மாதம் பொதுமக்களுக்கு திறந்துவிடப்பட்டது. பரப்பு சுமார் 300 ஹெக்டேர். ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஓரத்தில் காய்கறி பயிரிடுகிறார்கள்.

அதன் ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள் கட்ட நகர அரசு திட்டம் போட்டது. வாடகை எகிறும் ஊரில் வீடும் அவசியம்தான். ஆனாலும் 2014 மே 25-ந்தேதி நடந்த ஓட்டெடுப்பில் சுமார் 64 சதவீதம் பேர், "மைதானம் மைதானமாகவே இருக்கட்டும்" என்று தீர்ப்பளித்தனர். கட்டலாமா வேண்டாமா என்ற பேச்சு அதன் பிறகும் ஓயவில்லை.

ஒரு காலத்தில் யாரையும் கேட்காமல் பூங்காக்களை ராணுவம் எடுத்துக்கொண்ட அதே ஊரில், ராணுவம் இருந்த நிலத்தை என்ன செய்வது என்று மக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.