வெயிலுக்கும் ஓர் எண் உண்டு: சன்ஸ்கிரீன் விற்போர் கவனத்திற்கு

பங்குனி பிறந்துவிட்டால் ஃபேன்சி ஸ்டோர்களிலும் மருந்துக்கடைகளிலும் சன்ஸ்கிரீன் கிரீம் கேட்டு வருவோர் கூடிவிடுகின்றனர். "எது நல்லது?" என்று கேட்டால் விலை கூடிய டியூப்பை எடுத்து நீட்டுவதே நம்மில் பலரது வழக்கம். அது ஒரு முறை விற்பனைக்குச் சரி. மறுமுறை அதே வாடிக்கையாளர் நம் கடைப்படி ஏற வேண்டுமானால், சரக்கைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சருமத்தைக் கருக்குவது வெயிலின் சூடு அல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அதை அளக்க 1992-ல் கனடா நாட்டில் ஓர் எண் கணக்கு வந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. 2 வரை கவலையில்லை. 3-லிருந்து பாதுகாப்பு தேவை. 8-க்கு மேல் மிகக் கடுமை. 11-ஐத் தொட்டால் உச்சம். செல்போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே அன்றைய எண் கிடைக்கிறது.

நம் ஊர்க் கணக்கு இதில் தனி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாட்களில் வானம் தெளிவாக இருந்தால் நண்பகலில் எண் 11-ஐத் தாண்டும். ஆனால் அதே நாளில் காலை 8 மணிக்கு 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். மார்கழியில் குளிர்கிறதே என்று எண்ண வேண்டாம். அப்போதும் நண்பகலில் 7 வரை போகும். ஊட்டிக் கடைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உயரம் ஏற ஏறக் கதிர் கூடுமே தவிரக் குறையாது.

டியூப்பில் உள்ள எஸ்.பி.எஃப். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 15 என்பது தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும். 30 என்பது 97. 50 என்பது 98. எனவே தினசரி அலுவலகம் போய்வருவோருக்கு 30 போதும். சுமை தூக்குவோர், பைக்கில் ஆர்டர் எடுக்கச் செல்வோர், நடைபாதை வியாபாரிகள் போன்றோருக்கு 50-ஐச் சொல்லலாம். நம் ஆட்களே இவர்கள்தானே! அவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அதைவிட முக்கியம் என்று சொல்லிவிடுவதே நியாயம். கண்ணாடிக் கதவருகே கல்லாவில் உட்காருவோரும் தப்பிப்பதில்லை. தோலைக் கருக்கும் 'ஏ' வகைக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். அதற்கு பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும்.

பூசும் அளவில்தான் எல்லோரும் ஏமாறுகின்றனர். பட்டாணி அளவு போதாது. முகத்துக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். தினம் ஒரு வேளை பூசினாலே 50 கிராம் டியூப் 40 நாளில் தீர்ந்துவிடும். வெயிலில் நிற்போர் இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். ஆகவே 100 கிராம் பேக்கிங்கும் இருப்பில் இருக்கட்டும்.

சென்ற கோடையில் நாம் வாசல் ஷோகேஸில் அடுக்கிய அரை டஜன் டியூப்புகள் சூட்டில் எண்ணெய் தனி, கிரீம் தனியாகப் பிரிந்து போயின. வெயிலுக்கென்று வந்த சரக்கே வெயிலில் கெட்டது! வாங்கிய விலையில் நஷ்டம். உள் அலமாரியில் நிழலில் வையுங்கள். காலாவதி தேதி நெருங்கியதை முன்வரிசைக்குக் கொண்டு வாருங்கள். மீந்ததை விநியோகஸ்தர் திரும்ப எடுப்பாரா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.