விளையாட்டும் ஒரு பொறியியலே

"விளையாட்டுக்கு ஒரு படிப்பா, சார்? அதற்குப் பணம் வேறு கட்ட வேண்டுமா?" நம் சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். ஊரை விட்டு தில்லிக்கு வந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு மிச்சம் பிடித்த பணம் அது. கவலை நியாயமானதுதான். ரயில்வேயில் 35 ஆண்டுகள் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், ஒரு ஜப்பானியப் பொறியாளரின் கதையையே பதிலாக எழுதுகிறேன்.

அவர் பெயர் குன்பெய் யோகோய். கியோட்டோவில் மின்னணுவியல் படித்துவிட்டு, 1965-ல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது அது முக்கியமாகச் சீட்டுக்கட்டுகள் தயாரித்து வந்தது. அந்த இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் இவருடைய வேலை. நம் ஷெட் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில், நீண்டு மடங்கி எட்டாத பொருளைப் பிடிக்கும் கை ஒன்றை விளையாட்டாகச் செய்தார். நிறுவனத் தலைவர் யமவுச்சி அதைப் பார்த்து, பொம்மையாகவே விற்கச் சொன்னார். 1966-ல் வெளிவந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பிறகு ஒருநாள் அதிவேக ரயிலில், பயணி ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார் என்று சொல்வார்கள். 1980-ல், கால்குலேட்டரில் இருப்பது போன்ற திரையையே வைத்து, சட்டைப் பைக்குள் அடங்கும் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. 1982-ல் அதன் ஒரு மாதிரியில் கூட்டல் குறி வடிவப் பொத்தானைப் பொருத்தினார். கண்ணால் பார்க்காமலே கட்டைவிரல் திசையை அறியும். இன்றைய விளையாட்டுக் கருவிகளிலும் அது இருக்கிறது.

நன்கு பழகி, விலை குறைந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்து என்பதே அவருடைய கொள்கை. 1989-ல் வந்த 'கேம் பாய்' கருவிக்கு வண்ணத் திரை இல்லை. நான்கு பாட்டரி போதும், பல மணி நேரம் ஓடும். அதே ஆண்டு வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்' வண்ணத்தில் மின்னியது. ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. தில்லியில் ரயிலேறிய பிள்ளையின் கருவி ஜான்சி தாண்டுமுன் அணைந்துவிட்டால், சென்னை வரை அந்த வண்ணத்தால் என்ன பயன்? கேம் பாய், அதன் வண்ண மாதிரியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது.

அவருக்குத் தோல்வியும் உண்டு. 1995-ல் வந்த 'வர்ச்சுவல் பாய்', தாங்கியில் நிற்கும் பெட்டிக்குள் முகம் புதைத்து, சிவப்புப் படங்களைப் பார்க்கச் சொன்னது. விளையாடியவர்களுக்குக் கண்ணும் கழுத்தும் வலித்தன. அடுத்த ஆண்டே விற்பனை நின்றது.

ஆக, விளையாட்டின் மதிப்பு மினுக்கில் இல்லை. விளையாடுகிறவரின் கையையும் கண்ணையும் பணப்பையையும் ஓய்வு நேரத்தையும் மதிப்பதில் இருக்கிறது. நல்ல பாலமோ நல்ல எஞ்சினோ கட்டுகிறவனுக்கும் இதே கவனம்தான் வேண்டும்.

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் இது முதுநிலைப் பாடமாகவே இருக்கிறது. பணம் கட்டுமுன் பெற்றோர் ஒரு சோதனை வைக்கலாம். அட்டை, தாயக்கட்டை, பென்சில் மட்டும் கொடுத்து ஒரு விளையாட்டை உருவாக்கச் சொல்லுங்கள். பாட்டியும் பக்கத்து வீட்டுச் சிறுவனும் ஆடட்டும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, கோபப்படாமல் விதியைத் திருத்துகிற பிள்ளையாக இருந்தால், தயங்காமல் படிக்க அனுப்புங்கள்.