முட்டாள் நாற்று

நாற்றங்காலில் எல்லா நாற்றும் ஒரே மட்டமாக நிற்கும்போது, நாலைந்து மட்டும் வெளிறிப்போய், ஒல்லியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்பதுண்டு. முந்திக்கொண்டது போலத் தெரியும். பெரும்பாலும் செத்துப்போகும், தப்பினாலும் பதர்தான். ஜப்பானிய விவசாயிகள் இதற்கு வைத்த பெயர் ‘பகானே’, அதாவது முட்டாள் நாற்று.

1926இல் தைவானில் வேலை பார்த்த எய்ச்சி குரோசாவா, இந்த நோயைத் தரும் பூஞ்சையை ஊட்டநீரில் வளர்த்தார். பிறகு பூஞ்சையை வடித்துவிட்டு, அந்த நீரை மட்டும் நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெடுநெடுவென வளர்ந்தன. நீரில் கசிந்திருந்த பொருளுக்கு 1935இல் தெய்ஜிரோ யபுதா ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். அதைச் செடிகளே தமக்குள் தயாரிக்கின்றன என்பது 1950களில்தான் தெரிந்தது. நெல்லின் சொந்த ஹார்மோனைத்தான் பூஞ்சை அளவுமீறி ஊற்றியிருக்கிறது. திட்டு வாங்கியது என்னவோ நாற்று!

செல்லுக்குள் ‘டெல்லா’ என்ற புரதங்கள் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். ஜிப்பரெல்லின் வந்தால் அவை சிதையும், தண்டு நீளும்.

நீண்டால் நல்லதுதானே? பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தை அள்ளிப் போட்டவர்களைக் கேட்க வேண்டும். கதிர் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 சாயவில்லை. இந்தோனேசியாவின் ‘பேட்டா’வையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் கலந்து பிறந்தது அது. அந்தக் குட்டைத்தனத்தின் காரணம் பிடிபட 2002 ஆகிவிட்டது: ஜிப்பரெல்லின் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றின் மரபணு பழுது. ஆசியாவின் சோற்றுப் பானையை நிரப்பியது ஒரு ஹார்மோன் குறைபாடு.

வெள்ளத்தில்தான் இந்தக் கதை இன்னும் சுவாரசியம். மூழ்கிய பயிரிலிருந்து எத்திலீன் வாயு எளிதில் வெளியேறாது; உள்ளேயே தேங்கும். பயிருக்கு அதுதான் வெள்ள அறிவிப்பு. வங்கதேசத்து ஆழநீர் நெல் உடனே ஜிப்பரெல்லினைப் பெருக்கி, ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்கூட நீண்டு தலையை வெளியே நீட்டிவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகமோ நேர் எதிர். அதே எத்திலீன் தேங்கியதும் அதில் ‘சப்1ஏ’ மரபணு விழித்து, ஜிப்பரெல்லின் பேச்சு எடுபடாமல் செய்துவிடுகிறது. பயிர் நீளாமல், இருக்கும் மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, சுமார் இரண்டு வாரம் மூச்சடக்கிக் கிடக்கும். காவிரி டெல்டாவில் பயிரிடப்படும் சி.ஆர்.1009 சப்1 ரகத்தில் இருப்பது இந்த மரபணுதான்.

வெள்ளம் பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்தால் இந்த உத்தி ஜெயிக்கும். மாதக்கணக்கில் நின்றால், அந்த வயலில் பிழைப்பது நீளத் தெரிந்த நெல்தான்.